மெக்சிகோவின் பழங்குடிப் பிள்ளைகளும் பள்ளி உதவித்தொகையும்: பணமும் நிபந்தனையும் என்ன செய்தன?

மெக்சிகோவின் கல்வி உதவித்தொகை பற்றிச் செய்தி படிப்பவர்களுக்கு முதல் குழப்பம் பெயர்களில்தான் வரும். 1997-ல் அதற்குப் புரோகிரேசா என்று பெயர். 2002-ல் ஒப்போர்த்துனிதாதெஸ் ஆனது. 2014-ல் புரோஸ்பெரா ஆனது. 2019-ல் அதைக் கலைத்துவிட்டு பெனிட்டோ ஹுவாரெஸ் உதவித்தொகை என்று புதிதாக ஆரம்பித்தார்கள். 2025-ல் ரீட்டா செட்டினா பெயரில் இன்னொன்று சேர்ந்தது. ஆட்சி மாறினால் பெயர் மாறுவது வழக்கம்தானே என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. முதல் இரண்டு முறை பெயரோடு திட்டம் விரிந்தது. 2019-ல் அடித்தளமே மாறியது.

ஏழைக் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தால் பிள்ளை படிக்குமா, அல்லது ‘பள்ளிக்கு அனுப்பினால்தான் பணம்’ என்று நிபந்தனை போட வேண்டுமா என்ற விவாதத்தில் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுவது மெக்சிகோ. அந்த மேற்கோள்களில் பழங்குடிப் பிள்ளைகள் நாட்டின் சராசரிக்குள் காணாமல் போய்விடுகிறார்கள். அவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தால் விடை கொஞ்சம் மாறுகிறது. பணம் உதவியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் யாருக்கு அதிகம் தேவைப்பட்டதோ அவர்களைத்தான் நிபந்தனை அதிகம் வெளியே நிறுத்தியது. அது எப்படி நடந்தது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## யாரைப் பற்றிப் பேசுகிறோம்

மெக்சிகோவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 3 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 73.6 லட்சம் பேர் ஏதாவது ஒரு பழங்குடி மொழி பேசுகிறார்கள். மொத்தத்தில் இது 6.1 சதவீதம். மொழி பேசினாலும் பேசாவிட்டாலும் ‘நான் பழங்குடி’ என்று சொல்லிக்கொள்பவர்களைக் கணக்கெடுத்தால் எண்ணிக்கை 2.32 கோடி. ஒரே நாட்டைப் பற்றிய இரண்டு செய்திகளில் இரண்டு எண்கள் வருவதற்கு இதுதான் காரணம். கல்வி பற்றிய பேச்சில் பெரும்பாலும் மொழிக் கணக்கே பயன்படுகிறது.

நாவாட்ல், மாயா, செல்தால், சோட்சில், மிஷ்டெக், சபோட்டெக் ஆகியவை பெரிய மொழிகள். அரசுப் பட்டியலில் 68 மொழிகளும், அவற்றின் 364 வட்டார வடிவங்களும் இருக்கின்றன. ஓஹாகா மாநிலத்தில் பத்தில் மூன்று பேர் பழங்குடி மொழி பேசுகிறார்கள். சியாபாஸிலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

பள்ளி அமைப்பு இப்படி: தொடக்கப்பள்ளி 6 வகுப்புகள், அதற்கு மேல் 3 வருடம் இடைநிலை, பிறகு 3 வருடம் மேல்நிலை. 15 வயதுக்கு மேற்பட்ட மெக்சிகர் ஒருவர் சராசரியாக 9.7 வருடம் படித்திருக்கிறார். பழங்குடி மொழி பேசுபவர்களிடம் இந்தச் சராசரி 6-ஐ ஒட்டியே நிற்கிறது. 6 என்பது தொடக்கப்பள்ளி முடியும் இடம். உள்ளூர்ப் பள்ளி முடிந்து, அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டிய இடம். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாமே அந்த ஒரு படியைச் சுற்றித்தான் நடக்கிறது.

உதவித்தொகைக்கு யார் பெயரை வைத்தார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெனிட்டோ ஹுவாரெஸ் 1806-ல் ஓஹாகாவின் குவெலதாவோ என்ற சிற்றூரில் சபோட்டெக் குடும்பத்தில் பிறந்தவர், மெக்சிகோவின் குடியரசுத் தலைவரானவர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தார். ஊரில் பள்ளி கிடையாது. பிள்ளைக்கு ஸ்பானிய மொழி வேண்டும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றால் நகரத்து வீடுகளில் வேலைக்கு விடுவதுதான் அந்த வட்டாரத்து ஏழைகளின் வழி என்று அவரே பின்னாளில் எழுதினார். 12 வயதில், 1818-ல், கால்நடையாக ஓஹாகா நகரத்துக்குப் போனார். அவருடைய அக்கா அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பணமில்லை, பக்கத்தில் பள்ளியில்லை, பள்ளியின் மொழி தெரியாது. இந்த மூன்றும் அன்று ஒரே பிள்ளைக்கு ஒன்றாக நேர்ந்தன. உதவித்தொகை முதலாவதைத் தீர்க்கும். மற்ற இரண்டையும் அது தொடுவதில்லை.

## 1997-ல் போட்ட கணக்கு

1994-95-ல் மெக்சிகோவின் நாணயமான பெசோவின் மதிப்பு சரிந்த நெருக்கடியில் ஏழைகள் நொறுங்கிப் போனார்கள். அதுவரை அரசு தோர்த்தியா என்ற சோளரொட்டி, பால் போன்றவற்றுக்கு மானியம் கொடுத்து வந்தது. அந்த மானியத்தில் பெரும்பங்கு நகரங்களுக்கே போனது. மலைக் கிராமங்களுக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேர்ந்தது. பொருளுக்கு மானியம் தருவதை விட்டுவிட்டுப் பணத்தை நேராகக் குடும்பத்துக்கே கொடுக்கலாம் என்று நிதித்துறையில் இருந்த பொருளாதார அறிஞர் சந்தியாகோ லெவியும், மக்கள்தொகை ஆய்வாளர் ஹோசே கோமெஸ் தெ லியோனும் திட்டம் வகுத்தார்கள். அதிபர் எர்னஸ்டோ செதியோ ஆட்சியில் புரோகிரேசா சுமார் 3 லட்சம் கிராமப்புறக் குடும்பங்களோடு தொடங்கியது.

பிள்ளை பள்ளிக்குப் போவதில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு வகைச் செலவு உண்டு. நோட்டு, உடுப்பு, காலணி, பேருந்து என்று கையைவிட்டுப் போகும் காசு ஒன்று. அந்தப் பிள்ளை காட்டுவேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் கூலி, அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அம்மா வேலைக்குப் போய்ச் சம்பாதித்திருக்கும் கூலி, இது இரண்டாவது. பிள்ளை வளர வளர இரண்டாவது செலவு ஏறும். 8 வயதில் அது சொற்பம். 13 வயதில் அதுதான் தீர்மானிக்கும். திட்டம் இந்தக் கணக்கின் மேல்தான் கட்டப்பட்டது:

1. பணம் அம்மாவின் பெயரில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

2. வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும். ஆரம்ப வருடங்களில் 3-ஆம் வகுப்புக்கு மாதம் 70 பெசோ, 6-ஆம் வகுப்புக்கு 135. இடைநிலையின் கடைசி வருடத்தில் ஆண் பிள்ளைக்கு 225, பெண் பிள்ளைக்கு 255. இந்த 255 என்பது அதே வயதுப் பிள்ளை முழுநேரம் வேலைக்குப் போனால் ஈட்டக்கூடிய கூலியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

3. இடைநிலையிலிருந்து பெண் பிள்ளைக்குக் கூடுதல் தொகை. 6-ஆம் வகுப்போடு நின்றுபோகிறவர்களில் அவர்களே அதிகம் என்பதால்.

4. 85 சதவீத வருகை. பள்ளி நடக்கும் நாட்களைக் கணக்குப் பார்த்தால், காரணமில்லாமல் மாதத்துக்குச் சுமார் மூன்று நாளுக்கு மேல் போகாமல் இருந்தால் பணம் நிற்கும். இதற்கான படிவத்தை ஆசிரியர் நிரப்பி அனுப்ப வேண்டும். கூடவே குடும்பம் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், அம்மா சுகாதார வகுப்புகளில் உட்கார வேண்டும்.

சராசரியாகப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு இந்தப் பணம் ஈடாக இருந்தது. ஏழைக் குடும்பத்துக்கு இது லேசான தொகை இல்லை.

## சோதனையும் முடிவும்

இந்தத் திட்டத்துக்கு இவ்வளவு பெயர் கிடைத்ததற்குக் காரணம், அதைச் சோதித்த விதம். 7 மாநிலங்களில் 506 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் 320 கிராமங்களுக்கு முதலில் பணம். மீதி 186 கிராமங்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து. இடைப்பட்ட காலத்தில் இரண்டு தொகுதிகளையும் ஒப்பிட்டார்கள். ஏழைகளுக்கான திட்டம் ஒன்றை ஒரு அரசே இவ்வளவு ஒழுங்காக அளந்து பார்த்தது அதற்கு முன் அரிது.

தொடக்கப்பள்ளியில் பெரிய மாற்றமில்லை. அங்கே ஏற்கெனவே பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மாற்றம் தெரிந்தது இடைநிலையில். திட்டத்துக்கு முன் இந்தக் கிராமங்களில் இடைநிலை வயதில் பள்ளியில் இருந்தவர்கள், பெண் பிள்ளைகளில் 67 சதவீதம், ஆண் பிள்ளைகளில் 73 சதவீதம். பணம் வந்தபின் பெண்களிடம் 7 முதல் 9 சதவீதப் புள்ளிகளும் ஆண்களிடம் 3.5 முதல் 6 புள்ளிகளும் கூடின. 6-ஆம் வகுப்பு முடித்துவிட்டு அடுத்த படியில் கால் வைக்க வேண்டிய பிள்ளைகளை மட்டும் எடுத்தால் உயர்வு 11 புள்ளி. அதிலும் பெண் பிள்ளைகளிடம் கிட்டத்தட்ட 15. மொத்தத்தில் ஒரு பிள்ளையின் படிப்பு சராசரியாக ஒரு வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளும் என்று பொருளாதார அறிஞர் பால் ஷூல்ட்ஸ் கணக்கிட்டார்.

பழங்குடிப் பிள்ளைகள் பற்றித் தனி ஆய்வும் உண்டு. 1997-ல் மற்றப் பிள்ளைகளைவிட அவர்கள் வேலைக்குப் போகும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. திட்டத்துக்குப் பிறகு அது தலைகீழானது. படிப்பில் இருந்த இடைவெளியும் சுருங்கியது. பழங்குடி மக்கள் பிள்ளைகளைப் படிக்கவைக்க விரும்புவதில்லை என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. கூலிக் கணக்கைச் சரிக்கட்டியதும் பிள்ளைகள் பள்ளியில்தான் இருந்தார்கள்.

இந்த எண்களைச் சுட்டும் பலர் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். சோதனை நடந்த 7 மாநிலங்கள் குவெரேரோ, ஹிதால்கோ, மிச்சோவகான், புவெப்லா, கெரெத்தாரோ, சான் லூயிஸ் பொத்தோசி, வெராகுரூஸ். இவற்றிலும் நாவாட்ல், ஒத்தோமி, மிஷ்டெக், புரெபெச்சா மக்கள் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் பழங்குடி மக்கள் மிக அடர்த்தியாக வாழும் ஓஹாகாவும் சியாபாஸும் பட்டியலில் இல்லை. அதோடு, எட்டும் தூரத்தில் பள்ளியும் சுகாதார நிலையமும் உள்ள ஊர்கள்தான் திட்டத்துக்கே தகுதி பெற்றன. நமக்குக் கிடைத்திருப்பது, பள்ளி இருக்கும் ஊரில் பணம் என்ன செய்யும் என்பதற்கான அளவு. பள்ளியே இல்லாத ஊரைப் பற்றி இந்தச் சோதனை ஒன்றும் சொல்லவில்லை.

## நிபந்தனை என்றால் யாருக்கு நிபந்தனை?

பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று குடும்பத்திடம் கேட்பதென்றால், பள்ளி இருக்க வேண்டும். மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதென்றால், மருத்துவர் வர வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஊர்களுக்கு நிபந்தனை போட முடியாது. அதனால் அவற்றுக்குப் பணமும் கிடையாது என்று முதல் சுற்றில் ஆனது. சாலை போகாத மலையூர்கள், மழைக்காலத்தில் துண்டிக்கப்படும் பள்ளத்தாக்குகள் இதில் வெளியே நின்றன. அவற்றில் வாழ்பவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அரசுக்கு இது தெரியாமலில்லை. ஒப்போர்த்துனிதாதெஸ் நுழைய முடியாத ஊர்களுக்கென்று ‘உணவு ஆதரவுத் திட்டம்’ என்று தனியாக ஒன்றைப் பின்னர் நடத்தினார்கள். புரோஸ்பெரா வந்தபோது அதை உள்ளே சேர்த்து, நிபந்தனையில்லாத பிரிவு என்று வைத்தார்கள். ஆனால் அந்தப் பிரிவில் இருந்தவர்களுக்குக் கல்வி உதவித்தொகை இல்லை. உணவுக்கான சிறு தொகை மட்டும். பள்ளி கட்டித்தராத குறை அரசுடையது, உதவித்தொகை இழந்தது பிள்ளை.

சிவாவா மாநிலத்தின் மலைகளில் வாழும் ரராமுரி மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கூட்டமாக ஊர் கட்டி வாழ்பவர்கள் இல்லை. பள்ளத்தாக்குகளின் சரிவில் இரண்டு மூன்று வீடுகளாகச் சிதறி இருப்பார்கள். பருவத்துக்கு ஏற்ப இடமும் மாறுவார்கள். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றால் வார நாட்களில் பள்ளி விடுதியில் தங்க வேண்டும். ஒரு நாள் நடையில் இருக்கும் பள்ளியில் 85 சதவீத வருகை என்பது, தெரு முனையில் பள்ளி இருக்கும் பிள்ளைக்குள்ள 85 சதவீதம் இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், சுமை அப்படியில்லை.

நிபந்தனை இன்னொரு வேலையும் செய்தது. யார் நிபந்தனையை நிறைவேற்றினார்கள் என்று சான்று தரும் பேனா, ஆசிரியர் கையிலும் சுகாதார ஊழியர் கையிலும் போனது. பல ஊர்களில் திட்ட விதிகளில் இல்லாத வேலைகள் பெண்கள் மேல் விழுந்தன. சுகாதார நிலையத்தைக் கூட்டிப் பெருக்குவது, பள்ளி வளாகத்தைச் சுத்தம் செய்வது போன்றவை. வராவிட்டால் ‘வரவில்லை’ என்று குறித்துவிடுவோம் என்பதுதான் மிரட்டல். ஊருக்கு ஒரு பெண்ணைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்து, மற்றப் பெண்களுக்குக் கூட்டத் தேதி சொல்வது முதல் படிவம் சேகரிப்பது வரை அவரிடம் விட்டார்கள். அதற்குச் சம்பளம் இல்லை. சுகாதார வகுப்புகள் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் நடந்தன. சோட்சில் மட்டும் தெரிந்த அம்மா அங்கே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். சியாபாஸில் அரசை எதிர்த்துக் கிளர்ந்த பழங்குடி இயக்கமான சபதிஸ்தாவின் ஊர்கள் இந்தப் பணத்தையே வேண்டாம் என்று சொல்லித் தங்கள் சொந்தப் பள்ளிகளை நடத்தியதை, வெறும் அரசியல் பிடிவாதம் என்று தள்ளுகிறவர்கள் இந்தப் பின்னணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நிபந்தனையால் பயனே இல்லையா? அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிர்வாகக் கோளாறால் சில குடும்பங்களுக்கு வருகைப் படிவமே போய்ச் சேரவில்லை. பணம் மட்டும் வந்தது. யாரும் வருகையைச் சரிபார்க்கவில்லை. இவர்களையும் படிவம் பெற்றவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். தொடக்கப்பள்ளியில் வித்தியாசம் ஏதுமில்லை. 6-லிருந்து 7-க்குப் போகும் படியில் மட்டும், படிவம் பெறாத வீட்டுப் பிள்ளைகள் தெளிவாகக் குறைவாகச் சேர்ந்தார்கள். அந்த ஒரு திருப்பத்தில் ‘சேர்த்தால்தான் பணம்’ என்ற சொல் குடும்பத்தின் முடிவை அசைத்திருக்கிறது. ஆக, நிபந்தனை தேவைப்பட்டது ஒரு வகுப்பில். போட்டது எல்லா வகுப்பிலும், எல்லா அம்மாக்கள் மேலும்.

## பள்ளிக்கு உள்ளே

பிள்ளை பள்ளியில் சேர்ந்துவிட்டது. அங்கே என்ன இருந்தது?

கிராமத்து இடைநிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை ‘டெலிசெகுந்தாரியா’ வகை. 1968-ல் தொடங்கிய ஏற்பாடு இது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆசிரியரை மலையூருக்கு அனுப்ப முடியாது என்பதால், ஒரே ஆசிரியர் எல்லாப் பாடங்களையும் நடத்துவார். பாடம் தொலைக்காட்சியில் வரும். குறைகள் நிறைய. ஆனாலும் இது இல்லாவிட்டால் பல ஊர்களில் 7-ஆம் வகுப்பு என்ற ஒன்றே இருந்திருக்காது. உதவித்தொகையின் வெற்றி என்று நாம் பேசுவதில் கணிசமான பங்கு, அதற்கு முப்பது வருடம் முன்பே போடப்பட்ட இந்தப் பள்ளி வலைக்குச் சேர வேண்டியது.

நூறு பேர் கூட இல்லாத சிற்றூர்களில் வேறோர் ஏற்பாடு. 1971-ல் உருவான தேசியக் கல்வி மேம்பாட்டுக் கழகம், பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களை ஊர் ஆசிரியர்களாக அனுப்புகிறது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ பாடம் சொல்லிக்கொடுத்தால், அவர்கள் மேற்படிப்புக்கு மாத உதவித்தொகை பெறலாம். இதனால் பயன் பெறுபவர்களில் பழங்குடி இளைஞர்களும் உண்டு. ஆனால் மறுபக்கம் பார்த்தால், நாட்டின் மிக ஏழைப் பிள்ளைகளுக்கு மிகக் குறைந்த பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைக்கிறார். இந்த அநீதியை உதவித்தொகை எவ்வளவு உயர்ந்தாலும் ஈடுசெய்யாது.

மொழிதான் அடுத்த சிக்கல். பழங்குடிப் பள்ளிகளுக்கென்று தனி இயக்ககம் உண்டு. இருமொழிக் கல்வி கொள்கையில் உண்டு. 2003-ல் மொழி உரிமைச் சட்டமும் வந்தது. நடைமுறையில், ஒரு மொழி பேசும் ஊருக்கு வேறு மொழி பேசும் ஆசிரியர் நியமிக்கப்படுவது வாடிக்கை. ‘இருமொழி ஆசிரியர்’ என்று ஆவணத்தில் இருப்பார், பேசுவது செல்தால். வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் பேசுவது சோட்சில். இருவருக்கும் பொதுவாக மிஞ்சுவது அரைகுறை ஸ்பானியம்.

விளைவு தேர்வுத்தாளில் தெரிந்தது. உதவித்தொகை பெற்ற பிள்ளைகள் அதிக வருடம் படித்தார்கள். ஆனால் சில ஆண்டுகள் கழித்து வாசிப்பிலும் கணக்கிலும் சோதித்தபோது, பெறாதவர்களைவிட அவர்கள் கூடுதலாகக் கற்றதற்கான தடயம் கிடைக்கவில்லை. இதை வைத்துத் திட்டம் தோற்றது என்று சொல்வது தவறு. 20 ஆண்டுகளுக்குப் பின் நடந்த தொடர் ஆய்வுகளில், சிறுவயதில் இந்தப் பணம் பெற்றவர்கள் கூடுதல் படிப்போடும் மேலான வருமானத்தோடும் இருந்தது தெரிந்தது. அவர்களில் பலர் ஊரைவிட்டு வெளியே போனவர்கள் என்பதும் அதே ஆய்வுகளில் இருக்கிறது. படித்த படிப்புக்கு உள்ளூரில் வேலையில்லை.

## நிபந்தனையே போடாத ஓர் ஊர்

ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில் வாழும் கிழக்குச் செரோக்கி மக்களின் கதை உதவும். 1990-களின் நடுவில் இந்த மக்களின் சுயாட்சி அரசு சூதாட்ட விடுதி ஒன்றைத் தொடங்கியது. வரும் லாபத்தில் பாதியைப் பதிவுபெற்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சமமாகப் பங்கிட்டு, வருடத்துக்கு இரண்டு முறை கொடுத்தது. ஏழை, பணக்காரர் என்ற பேதமில்லை, வருகைப் படிவமில்லை.

தற்செயலாக, அதே பகுதியில் 1993 முதலே 1,420 பிள்ளைகளின் மனநலத்தை ஆய்வாளர்கள் வருடாவருடம் கவனித்து வந்தார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் பழங்குடிப் பிள்ளைகள். பணம் வருவதற்கு முன்பும் பின்பும் இருந்த நிலை கையில் இருந்ததால் அளக்க முடிந்தது. மிக ஏழைக் குடும்பங்களில், ஆண்டுக்கு 4,000 டாலர் கூடுதலாக வந்தபோது, 21 வயதில் அந்தப் பிள்ளைகளின் படிப்பு சுமார் ஒரு வருடம் நீண்டிருந்தது. 16, 17 வயதில் சிறு குற்றங்களில் ஈடுபடுவது 22 சதவீதம் குறைந்தது. பெற்றோர் பிள்ளைகளோடு செலவிட்ட நேரமும் கவனிப்பும் கூடியிருந்தன.

ஒரு நுணுக்கம் உண்டு. 18 வயதுக்குட்பட்டவர்களின் பங்கு ஓர் அறக்கட்டளையில் சேர்ந்துகொண்டே வரும். பள்ளி இறுதி முடித்திருந்தால் 18-ல் கிடைக்கும்; முடிக்காவிட்டால் 21 வரை காத்திருக்க வேண்டும். பள்ளிப்படிப்போடு இணைந்த விதி இது ஒன்றுதான். அதுவும் யாருடைய பணத்தையும் பறிக்கவில்லை, தள்ளிப்போட்டது மட்டும்தான். விதியை எழுதியதும் அந்த மக்களே தேர்ந்தெடுத்த மன்றம். வெளியிலிருந்து வந்த அதிகாரி ஓர் அம்மாவிடம் படிவத்தை நீட்டுவதற்கும் இதற்கும் பெரிய தூரம் இருக்கிறது. அங்கே பள்ளியும் பள்ளிப் பேருந்தும் முன்பே இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. வெறும் பணம் தனியாகச் சாதித்ததில்லை இது.

## தண்டனையாக மாறியபோது

ஆஸ்திரேலியா எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது. 2009-ல் வடக்குப் பிரதேசத்திலும் குயின்ஸ்லாந்தின் லோகன் பகுதியிலும், பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோரின் நலத்தொகையை நிறுத்தலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். வடக்குப் பிரதேசத்தில் இதன் பிடியில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆதிக்குடிக் குடும்பங்கள். சோதனை முறையில் மதிப்பிட்டபோது வருகை உயரவில்லை. 2017 இறுதியில் அங்கே கைவிட்டார்கள்.

அதே நாட்டில் 1969 முதல் இருந்துவரும் ஆதிக்குடி மாணவர் உதவித்தொகைக்கு இவ்வளவு விளம்பரமில்லை. தொலைதூர ஊர்ப் பிள்ளை வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் செலவையும், விடுமுறைக்கு ஊர் போய்வரும் பயணச் செலவையும் அது ஏற்கிறது. தூரத்துக்கு ஆகும் செலவைத் தூரத்துச் செலவாகவே கணக்கில் எடுக்கும் திட்டம் என்பதால் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. மெக்சிகோவின் எந்தப் பெயரிலும் இப்படி ஒரு தலைப்பு வலுவாக இருந்ததில்லை.

## 2019-ல் எது மாறியது

அதிபர் லோபெஸ் ஓப்ரதோர் அரசு புரோஸ்பெராவைக் கலைத்தபோது சொன்ன காரணம், பணம் இடைத்தரகர் இல்லாமல் நேராகப் போக வேண்டும், ஏழைகளைச் சந்தேகத்தோடு பார்க்கும் நிபந்தனைகள் வேண்டாம் என்பது. சுகாதார வகுப்பு, கூட்டிப்பெருக்கும் வேலை, வருகைப் படிவம் எல்லாம் போயின. பழங்குடிப் பெண்களைப் பொறுத்தவரை இது உண்மையான விடுதலை. பழங்குடி ஊர்களுக்கு முன்னுரிமை என்று விதியிலும் எழுதினார்கள்.

ஆனால் தொகையின் அமைப்பும் கூடவே போய்விட்டது. ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போடலாம். இடைநிலையின் கடைசி வருடத்தில் பெண் பிள்ளை, 6-ஆம் வகுப்பில் பையன், 4-ஆம் வகுப்பில் இன்னொரு பிள்ளை. புரோஸ்பெராவின் கடைசி ஆண்டுகளின் விகிதப்படி மாதத்துக்கு 660, 350, 205, ஆக 1,215 பெசோ. புதிய திட்டத்தில் குடும்பத்துக்கு 800 பெசோ, பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும். பிள்ளைகள் அதிகமுள்ள பழங்குடிக் குடும்பத்தை இந்த மாற்றம் நேராகப் பாதித்தது. மேல்நிலையில் படிக்கும் ஒவ்வொருவருக்கும் தனியாக 800. ஆனால் கடைசி வருடத்துப் பெண் பிள்ளைக்கு முன்பு கிடைத்தது 1,120. பெண்களுக்கான கூடுதல் தொகை, வகுப்போடு ஏறும் தொகை இரண்டும் காணாமல் போயின. பிள்ளை வளர வளரக் கூலி ஏறும் என்ற 1997-ன் அடிப்படைக் கணக்கு இன்னமும் உண்மைதான். திட்டம்தான் அதை மறந்தது.

நிபந்தனையை எடுத்தது சரி. தொகையின் ஏற்றத்தையும் பெண் பிள்ளைக்கான கூடுதலையும் எடுக்க அவசியமே இருக்கவில்லை. இவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள். ‘பழைய திட்டம்’, ‘புதிய திட்டம்’ என்று மொத்தமாக ஆதரிப்பதிலும் எதிர்ப்பதிலும் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

2025-ல், அவருக்குப் பின் அதிபரான கிளவுதியா ஷேன்பாமின் அரசு கொண்டுவந்த ரீட்டா செட்டினா உதவித்தொகை இதில் ஒரு பாதியைத் திருத்துகிறது. அரசு இடைநிலைப் பள்ளியில் பிள்ளை படிக்கும் குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு 1,900 பெசோ, அதே நிலையில் படிக்கும் அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 700. பிள்ளைகளின் எண்ணிக்கை மறுபடி கணக்கில் வந்திருக்கிறது. பெயருக்குரிய ரீட்டா செட்டினா, 1870-ல் மெரிதா நகரில் பெண்களுக்காகப் பள்ளி நடத்திய ஆசிரியை. ஆனால் அவர் பெயரில் வரும் தொகையில் பெண் பிள்ளைக்குக் கூடுதல் இல்லை.

## அடுத்த படி

மேல்நிலைக் கல்வி 2012-ல் மெக்சிகோவில் அரசியலமைப்புப்படி கட்டாயமானது. இடைநிலைக்கு 1968-ல் செய்ததைப் போல மேல்நிலைக்கும் சிற்றூர் ஏற்பாடு ஒன்றை 2013-ல் தொடங்கினார்கள். ஊரிலுள்ள டெலிசெகுந்தாரியா கட்டடத்திலேயே, அதன் வகுப்பு முடிந்த பிறகு, இரண்டு மூன்று ஆசிரியர்களோடு மேல்நிலை வகுப்பு நடக்கும். ஆய்வகம் இல்லை, நூலகம் இல்லை. ஆசிரியர்களுக்கு நிரந்தரப் பணியும் இல்லை. பல்கலைக்கழக மட்டத்தில் 2004 முதல் பன்பாட்டுப் பல்கலைக்கழகங்கள் வந்தன. முதலாவது மெக்சிகோ மாநிலத்தின் சான் ஃபெலிப்பே தெல் புரோகிரேசோவில், மசாவா மக்கள் வாழும் பகுதியில். இந்தப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கு இப்போது அரசு உதவித்தொகையில் முன்னுரிமை உண்டு. 2019-ல் அது மாதம் 2,400 பெசோவாக இருந்தது.

அந்த இடம் வரை வந்து சேர்பவர் யார் என்பதுதான் கேள்வி. இன்றைய மேல்நிலை உதவித்தொகை, அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்ட மாணவருக்குக் கிடைக்கும். பக்கத்தில் அப்படி ஒரு பள்ளி இல்லாததால் 15 வயதில் நின்றுவிட்ட செல்தால் பெண்ணின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. அவள் நிபந்தனையை மீறியவள் இல்லை; இன்று மீறுவதற்கு நிபந்தனையும் இல்லை. சேர்வதற்குப் பள்ளிதான் இல்லை. அவளுக்கு வேண்டியது அருகில் ஒரு மேல்நிலைப் பள்ளி. அது வரும்வரை, நகரத்தில் தங்கிப் படிக்க விடுதிச் செலவும் பயணச் செலவும். உதவித்தொகைக்கு வருடாவருடம் நிதி ஒதுக்கும்போது இந்த இரண்டும் தனித் தலைப்பாக அதில் இருக்க வேண்டும்.